இரண்டே இரண்டு பயனர்கள்

எங்கள் அலுவலகத்தில் என் பதவிக்குப் பெயர் 'பழைய மென்பொருள் ஆதரவுப் பிரிவுத் தலைவர்'. கேட்பதற்கு ஏதோ முதியோர் இல்லம் நடத்துகிறவன் மாதிரி இருக்கும். செய்வது என்னவோ ஊற்றி மூடுகிற வேலை. ஒரு மென்பொருளுக்கு வயதாகிவிட்டதா, பயனர்கள் குறைந்துவிட்டார்களா, அடுத்த இயங்குதளத்தில் இதற்கு இடமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் உருப்படியாக ஒரு மென்பொருள் நான் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதில் நாலாயிரத்துச் சொச்சத்தை மூடியிருக்கிறேன். அதற்காக இரண்டு முறை சால்வை போர்த்தினார்கள்.

நாங்கள் செய்வது செவிமணிக்கான இயங்குதளம். இன்றைக்கு யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால், எலும்பை ஒட்டி, மிளகு அளவில் ஒன்றைப் பதிக்கிறார்கள். பத்து நிமிஷ வேலை. இப்போதெல்லாம் காதுகுத்து அன்றைக்கே, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து அதையும் முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு வெளியிலிருந்து வருகிற எந்தச் சத்தமும் முதலில் செவிமணிக்குள் போய்த்தான் மூளைக்குப் போகும். பஸ் ஹார்னைக் குறைப்பதற்கு ஒரு மென்பொருள், இந்திக்காரர் பேசுவதைத் தமிழில் சொல்ல இன்னொன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை எல்லாம் ஓடுவதற்கு அடியில் ஒரு இயங்குதளம் வேண்டுமே, அது எங்களுடையது. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஏழு மாடிக் கட்டடம், ஆறாவது மாடியில் நான்.

புதுப் பதிப்பை எப்போதும் போகி அன்றுதான் வெளியிடுவோம், அன்று ராத்திரி எல்லோரும் தூங்கும்போது அது செவிமணிகளில் ஏறிக்கொள்ளும். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய எண்ணெய் டின்னை வைத்து, ஆதரவு நிறுத்தப்படும் மென்பொருள்களின் பட்டியலை அதில் போட்டு எரிப்பது எங்கள் கம்பெனி வழக்கம். முன்பு கட்டுக்கட்டாக எரித்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து போன பிறகு ஒரே ஒரு தாள் என்று ஆகிவிட்டது. அதனால் எழுத்து எறும்பு சைஸுக்குப் போய்விட்டது. விடியற்காலையில் கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பதால் எங்கள் போகி பகல் பன்னிரண்டு மணிக்கு.

இந்த வருஷம் பதினான்காம் பதிப்பு. பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயரை மட்டும் நான் உரக்கப் படித்து ஒரு ஜோக் அடிப்பேன். அதுவும் வழக்கம்தான். இந்த முறை வந்த பெயர் 'தணிப்பான்'. எங்கோ கேட்ட பெயர் மாதிரி இருந்தது. பட்டியலில் இருந்த எல்லாமே அப்படித்தான் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தணிப்பான் திருப்பூர்க்காரர்கள் செய்தது. பனியன் ஏற்றுமதியில் இருக்கிறவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தினமும் வசவு வாங்க வேண்டியிருந்தது. அவர்களுக்காக வந்த மென்பொருள். எதிரில் இருப்பவர் எவ்வளவு கோபமாகக் கத்தினாலும் சொல் மாறாது, சூடு மட்டும் குறைந்து காதுக்கு வரும். அதாவது, கூரை பிய்ந்து போகிற மாதிரி ஒருவன் கத்தினால் உங்களுக்கு அது 'காபி குடிச்சாச்சா' என்று கேட்கிற தொனியில் வந்து சேரும். செய்த கம்பெனியே எப்போதோ மூடிவிட்டது. போன கணக்கெடுப்பில் மூன்று பயனர்கள், இப்போது இரண்டு.

"இரண்டே இரண்டு பயனர்கள். ரெண்டு பேருக்காக ரயில் விட முடியாது, ஆட்டோ பிடிச்சுப் போகச் சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லும் ஜோக்குக்கு எங்கள் பிரிவில் எப்போதும் உடனே சிரித்துவிடுவார்கள்.

பெனாசிர் மட்டும் சிரிக்கவில்லை. என் உதவி மேலாளர். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூடலாமே என்றாள். பயனர் யார் என்று பார்க்கக் கூடாது என்பது விதி. மூன்று அறிவிப்பு அனுப்பி, மூன்றுக்கும் பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். அந்த விதியை எழுதியவனே நான்தான். அதை அவளிடம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெனாசிர் ஏதோ மறுத்துச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கருத்துக்கு நன்றி தெரிவித்துவிட்டுத் தாளில் தீயை வைத்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் குரல் கொஞ்சம் கம்பீரமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் லிஃப்டில் ஏறினால் பாதிப் பேர் இறங்கிப் படியில் போவார்கள். உடம்பில் அக்கறை உள்ள பிள்ளைகள் என்று நினைத்தேன். பக்கத்து ஃபிளாட்காரர் நான் வீட்டுக்கு வந்ததும் டிவியைச் சத்தமாக வைப்பார். பாவம், காது மந்தம் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினோரு வருஷமாக என்னிடம் யாரும் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. மேலதிகாரி, மச்சான், சொசைட்டி செயலாளர் என்று ஒருத்தரும் இல்லை. நான் பழகுகிற விதம் அப்படி என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் கதை வேறு. சிந்துஜா இரண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு, எட்டு வயது ஆதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, கோபியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் என் வாய். அடித்ததில்லை, குடித்ததில்லை, கத்துவேன். உப்புக்குக் கத்துவேன், உப்பில்லாததற்கும் கத்துவேன். நாற்பது நாள் கழித்து கோபிக்குப் போய், அவள் அண்ணன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, இனி கத்தமாட்டேன் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். ஒரு மாதத்தில் அவள் அண்ணனிடம் ஃபோனில், "ஆளே மாறிப்போய்ட்டாருங்கண்ணா" என்று சொன்னதை நானே கேட்டேன். என்னிடம் இவ்வளவு மன உறுதி இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். அதிலிருந்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சுயக்கட்டுப்பாடு பற்றி வருஷத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன்.

சரி, எல்லாம் சுகம் என்றால் இந்தக் கதையே இல்லை. ஒரு குறை இருந்தது. ஆதிரை வீட்டுக்கு வருவதில்லை. திருச்சியில் கட்டடக்கலை படிக்கிறாள். ஒன்றரை வருஷமாக தீபாவளிக்குப் பரீட்சை, கோடை விடுமுறைக்குப் பயிற்சி, ஆயுத பூஜைக்குக் காய்ச்சல். அம்மாவிடம் வாரம் ஒரு முறை பேசுவாள், என்னைக் கேட்கமாட்டாள். இந்தப் பொங்கலுக்கு சிந்துஜா கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். காலையில் வந்து சேர்கிற டிக்கெட் போடும்போதே அன்று மதியம் இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்பும் டிக்கெட்டையும் போட்டுவிட்டாளாம். இந்த முறை எதுவும் சரியில்லாமல் போனால் இனி வரவேமாட்டாள் என்று சிந்துஜா சொன்னாள். என்ன சரியில்லாமல் போகும், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பொங்கல் அன்று காலை எட்டு மணிக்கு பால்கனியில் கோலம் போட்டு, கரும்பு சாய்த்து, பித்தளைப் பானைக்கு மஞ்சள் கொத்தும் கட்டியாகிவிட்டது. பானை பத்து நிமிஷமாக இண்டக்ஷன் அடுப்பின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த அடுப்பில் பித்தளை சூடேறாது. பழைய பாத்திரத்துக்குப் புது அடுப்பில் ஆதரவு இல்லை, என் தொழில்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தத்துவம் எல்லாம் தோன்றவில்லை. சிந்துஜாவிடம் வழக்கம்போல, "இந்த அடுப்புல பித்தளை சூடாகாதுன்னுகூடத் தெரியாதா உனக்கு" என்று கேட்டேன்.

சிந்துஜாவின் கையிலிருந்த அரிசித் தட்டு கீழே விழுந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். அடுப்பை வாங்கியது நீங்கள், பானையை வாங்கியதும் நீங்கள், இப்போது என் தலையில் போடுகிறீர்களா என்பது சாரம். சாரம் எனக்குப் புதிதில்லை, அந்தக் குரல்தான் புதிது. பதினோரு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று பயந்து மாத்திரை டப்பாவைத் தேடினேன்.

"ஏனுங்க, எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்றாள்.

"நான் எப்பவும் பேசற மாதிரித்தான பேசறேன். நீதான் கத்தற" என்றேன்.

"நானும் எப்பவும் பேசற மாதிரித்தானுங்க பேசறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஆதிரை, தோளில் பையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. உள்ளே வரவில்லை.

"ஒன்றரை வருஷமா இதைத்தான்ம்மா சொல்றேன்" என்றாள் அவளுடைய அம்மாவிடம். "அப்பா எங்கடி கத்தறாருன்னு என்னையே திருப்பிக் கேட்ட. அவருக்காகப் பொய் சொல்றேன்னு நெனச்சேன். இப்பவாவது கேட்டுச்சா?"

கேட்டது. ஒன்றரை வருஷமாக மகளுக்குக் கேட்பது, நேற்றுவரை எங்களுக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தால் ஒரே ஒரு விஷயம்தான் நடந்திருந்தது. பதினான்காம் பதிப்பு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நானே எழுதிய விதியை மீறி, தணிப்பானின் பயனர் விவரத்தைத் திறந்தேன்.

இரண்டு பயனர்கள். இரண்டு பேருக்கும் பதிவு செய்த எண் ஒன்றுதான். அது என் எண்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு ஐ.டி. ஆள் இருப்பான். மாமியாரின் கேஸ் இணைப்பு, மச்சானின் மின்கட்டணம், சின்ன மாமனாரின் திருப்பதி தரிசனம் என்று எல்லோருடைய ரகசிய எண்ணும் அவன் ஃபோனுக்குத்தான் வரும். 'உன் நம்பரையே குடுத்துடு' என்பார்கள், அவனும் பெருமையாகக் கொடுப்பான். எங்கள் குடும்பத்து ஐ.டி. ஆள் நான். செவிமணி வாங்கியபோது மூன்று பேருக்கும் என் எண்ணையே போட்டு, குடும்பத் திட்டத்தில் சேர்த்திருந்தேன். எங்கள் பிரிவு அனுப்பிய மூன்று அறிவிப்புகளும் என் ஃபோனில்தான் இருந்தன. கீழே என் கையெழுத்து. மூன்றையும் லிஃப்டில் நின்றபடி திறக்காமலேயே தள்ளிவிட்டிருக்கிறேன். அனுப்பியவன் நான், பெற்றவன் நான், பதில் சொல்லாததால் சம்மதித்தவனும் நான்.

தணிப்பானை நிறுவிய தேதியைப் பார்த்தேன். பதினோரு வருஷம் முன்பு, சிந்துஜா கோபியில் இருந்த மாதம். மெதுவாக ஞாபகம் வந்தது. அப்போது டல்லாஸில் ஒரு மேலதிகாரி என்னைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தொல்லை தாங்காமல் இரண்டு வாரத்துக்கு என்று இலவசமாக இறக்கினேன். யார் யாருடைய குரலைத் தணிக்க வேண்டும் என்று கேட்டது, 'அனைத்தும்' என்று தட்டினேன். உங்களுக்கு மட்டுமா, குடும்பத் திட்டத்தில் உள்ளவர்களுக்குமா என்று கேட்டது, படிக்காமல் மறுபடியும் 'அனைத்தும்' தட்டினேன். டல்லாஸ்காரர் வேலையை விட்டுப் போனார். நான் மறந்துவிட்டேன். அது பாட்டுக்கு எங்கள் மூன்று பேர் காதிலும் உட்கார்ந்து பதினோரு வருஷம் வேலை செய்திருக்கிறது.

மூன்றாவது பயனர் விலகிய தேதியும் இருந்தது. ஆதிரையின் பதினெட்டாவது பிறந்த நாள். அன்றைக்குத்தான் அவள் தனக்கென்று ஒரு எண் வாங்கி, குடும்பத் திட்டத்திலிருந்து விலகினாள்.

இதைச் சொல்லாமல் மறைத்துவிட முடியுமா என்று யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல வழி ஒன்று இருந்தது. பெனாசிரைக் கூப்பிட்டேன். ஆதரவு நிறுத்தியபின் இருபத்து நான்கு மணி நேரம்வரை பழைய நிரல் சர்வரில் இருக்கும், பயனர் கேட்டுப் பிரிவுத் தலைவர் ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் நீட்டிக்கலாம், மதியம் பன்னிரண்டுக்கு மேல் அழிந்துவிடும் என்றாள். பயனரும் நான்தான், தலைவரும் நான்தான். ஒரு நிமிஷ வேலை. அவள் குரலில் ஒரு கடுகடுப்பு இருந்தது, அதை இதற்குமுன் நான் கேட்டதில்லை. நேற்று நான் கொஞ்சம் அழுத்திப் பேசிவிட்டேனோ என்று கேட்டேன்.

"மூளை இருக்கான்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்க சார்" என்றாள். "நான் பதிலுக்குக் கத்தினேன். ஆறு வருஷத்துல மொதல் தடவை. நீங்க சிரிச்சுட்டே கருத்துக்கு நன்றின்னு சொன்னீங்க."

ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்து, இரண்டு பேரையும் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகத்தான் சொல்லப் பார்த்தேன். இரண்டு முறை என் குரல் தானாக மேலே போனதைப் பார்த்து நானே நிறுத்தினேன்.

சிந்துஜா, "அப்ப நீங்க மாறவே இல்லீங்களா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"மாறிட்டீங்கன்னு நெனச்சுத்தானுங்க பதினோரு வருஷம் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. என்னைப் பற்றிய கர்வமெல்லாம் போனதற்கு வந்ததா, அவள் முகத்தைப் பார்த்து வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளும் என்னிடம் மெதுவாகப் பேசியதில்லையாம். அலமாரிக் கதவை அறைந்து, தட்டைப் போட்டு உடைத்து எல்லாம் கத்தியிருக்கிறாள். இவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார் என்று அவளும் பெருமைப்பட்டிருக்கிறாள். திருச்சிக்குப் போய் நம் பெண் ஏன் வருவதில்லை என்று பாருங்கள் என்று போன வருஷம் முழுக்கக் கத்தினாளாம். சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வரும்போது கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்கிற தொனியில் வந்தது. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை பத்து வருஷமாகத் தங்கமானவராக இருந்த காரணமும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு கணம் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆதிரைதான் அடுத்துப் பேசினாள். பதினெட்டாவது பிறந்த நாள் அன்று நான் கேக் கடைக்காரன் முன்னால் அவளிடம் ஏதோ கத்தினேனாம். அதற்கு முன் பத்து வருஷமாக அவள் அப்பா கத்தி அவள் கேட்டதில்லை. தனியாக எண் வாங்கியதற்குத்தான் அப்பாவுக்கு இவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் திருச்சிக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று, இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதுகொண்டே கத்தியிருக்கிறாள். அந்தக் காட்சியும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது, ஊருக்குப் போகிற வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். 'சரிடா, பஸ்ஸுல ஏறிட்டு மெசேஜ் போடு' என்று சொல்லி அனுப்பினேன்.

பேசிப் பேசி மணி பதினொன்றரை ஆகிவிட்டது. நீட்டிப்புப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். வேண்டுமானால் எல்லாவற்றையும் நேற்று இருந்த மாதிரி ஆக்கிவிடலாம், யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே சிந்துஜா வேண்டும் என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு ஆசை.

"எனக்கு வேண்டாம்" என்றாள் சிந்துஜா. "உங்களுக்கும் வேண்டாம். நான் கத்தினா அது உங்க காதுல கத்தலாவே விழோணும்."

ஆதிரை தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"எனக்குப் போடுங்கப்பா. அது இருந்த வரைக்கும் நீங்க நல்ல அப்பாவாத்தான் இருந்தீங்க. அது இருந்தா நான் லீவுக்கு வருவேன்."

இதைவிட நியாயமான கோரிக்கை எங்கள் பிரிவுக்கு இந்த இருபத்திரண்டு வருஷத்தில் வந்ததில்லை. அந்த ஒரு மிளகுக்குள் ஒரு நல்ல அப்பன் பத்து வருஷம் இருந்திருக்கிறான். நான் அவனை எண்ணெய் டின்னில் போட்டு எரித்துவிட்டு வந்திருக்கிறேன். அவனைத் திரும்பக் கொண்டுவந்தால் என் பெண் வீட்டுக்கு வருவாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், மாறவும் வேண்டாம், இப்போது கத்துகிற மாதிரியே கத்திக்கொண்டிருக்கலாம். சிந்துஜா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி என்று சொல்லிப் படிவத்தைத் திறந்தேன்.

பயனர் பெயர், எண் எல்லாம் போட்டாகிவிட்டது. கடைசியில் காரணம், நூறு எழுத்துக்குள். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவனும் நான்தான், ஒருத்தனும் நிரப்ப முடியாமல் ஓடிவிட வேண்டும் என்பதற்காக. 'பண்டிகைக் கால அவசரம்' என்று எழுதி அழித்தேன். 'பயனர் நலன் கருதி' என்று எழுதினேன். அலுவலகத்தில் இதை நம்பி எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது பார்க்க அசிங்கமாக இருந்தது, அதையும் அழித்தேன். மணி பதினொன்று ஐம்பது. ஆதிரை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று ஃபோனைப் பார்த்தாள். எனக்கு வேறு எதுவும் தோன்றாததால் உண்மையை எழுதினேன்.

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"நான் கத்துவேன். கத்துவது எனக்கே தெரியாது. இதை விட்டால் என் மகளுக்கு வேறு வழி இல்லை."

அனுப்புவதற்காக நான் விரலை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் கை என் மேல் பட்டது அப்போதுதான். பிடித்ததை விடவும் இல்லை, அனுப்புங்கள் என்று சொல்லவும் இல்லை. மூன்று பேருமாக ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பன்னிரண்டு மணிக்குப் படிவம் தானாக மூடிக்கொண்டது. உங்கள் கோரிக்கைக்கான நேரம் முடிந்துவிட்டது, பொறுமைக்கு நன்றி என்று ஒரு செய்தி வந்தது. கீழே என் கையெழுத்து இருந்தது.

"போச்சு" என்றாள் ஆதிரை, என் கையை விட்டுவிட்டு.

சிந்துஜா எழுந்து போய்க் குக்கரில் அரிசியும் பாசிப்பருப்பும் போட்டாள். பானை பொங்காவிட்டாலும் சாப்பிட ஏதாவது வேண்டுமே. ஆதிரை சோபாவில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவள் எதிரில் போய் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சத்தமாகச் சொல்லிவிடக் கூடாது என்கிற பயத்தில் குரலைக் குறைத்து, மேலும் குறைத்து, மன்னிச்சுக்கடா என்று சொன்னேன்.

"என்னப்பா? கேக்கலை" என்றாள்.

மறுபடியும் சொன்னேன்.

"இன்னும் கேக்கலை."

நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்கிறாளா என்பது அவள் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. இரண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எவ்வளவு சத்தம் சரியாக இருக்கும் என்று தெரியாமல் மூன்றாவது முறை ஆரம்பித்தேன்.